நள்ளிரவில் ஒரு மணி

பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போயிருப்பீர்கள். அப்படியே காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து ஊர் திரும்பியிருப்பீர்கள். கடைசி பஸ்ஸும் போன பிறகு ஒரு பஸ் நிலையம் எப்படி இருக்கும் என்று பார்த்ததுண்டா?

காஞ்சி என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பத்தின் கீழே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இல்லை. போக இடம் இல்லாதவர்கள். பிள்ளைகள் கைவிட்ட கிழவி, மனநிலை பிசகியவர், வெளியூரிலிருந்து வந்த கூலிக்காரர், பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வந்து லாட்ஜ் வாடகை கொடுக்க முடியாத உறவுக்காரர்.

"இவங்களையெல்லாம் விரட்டுங்க சார், பயணிகளுக்குத் தொல்லை" என்பது ஒரு குரல். "பாவம், எங்கே போவாங்க?" என்பது இன்னொரு குரல். இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது. ஊர் விட்டு ஊர் போக வழி செய்கிறவர்களுக்கு, வீடே இல்லாதவன் விஷயத்தில் பொறுப்பு உண்டா, இல்லையா?

உண்டு என்றுதான் நம் முன்னோர் நினைத்தார்கள்!

காஞ்சியிலிருந்தே ஆரம்பிப்போம். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சேர்ந்த ஊர் இதுதான் என்கிறது காப்பியம். கதையாகவே இருக்கட்டும். பசித்தவனுக்கு ஒரு பொது இடம் வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்கு அது சாட்சி.

அந்த எண்ணம் பிறகு சத்திரமாகக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்தது. அன்றைய சாலை என்றால் வெறும் பாதை இல்லை. நிழலுக்கு மரம், தலைச்சுமையை இறக்க சுமைதாங்கிக் கல், தண்ணீருக்குக் குளம், ராத்திரி தங்க சத்திரம்... எல்லாம் சேர்ந்ததுதான் சாலை. சும்மா தர்மம் என்று கல்லாவிலிருந்து அள்ளிக் கொடுத்ததும் இல்லை. நிலத்தை எழுதிவைத்தார்கள். அந்த வருமானத்தில் உலை கொதித்தது. வரவு நின்றால் தர்மமும் நின்றுவிடும் என்கிற கணக்கு தெரிந்தவர்கள்!

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் போகிற சாலையில் இருந்த தன் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். எல்லா ஜாதி வழிப்போக்கர்களுக்கும் சோறு. நோயாளிக்கு வைத்தியர். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்குப் பராமரிப்பு. அனாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார். இறந்துபோனால் இறுதிச் சடங்கு. எல்லாவற்றையும்விட ஒரு சின்ன விஷயம். நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள். 'இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள்' என்று கூப்பிடுவதற்காக!

சென்னையிலும் ஒரு சத்திரம் உண்டு. 1782-ல், ஹைதர் அலி போரும் பஞ்சமும் சேர்ந்து துரத்திய ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம். இங்கிலீஷ்காரன் வாயில் அது 'மோனிகர்' ஆனது. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் ஆதி அதுதான். 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

'ஆகா, பொற்காலம்!' என்று உடனே கைதட்டிவிடாதீர்கள். எல்லாச் சத்திரங்களும் சரபோஜி சத்திரம் போல இல்லை. பல இடங்களில் இலை போடுமுன் ஜாதி கேட்டார்கள். 1904-ல் காசியில், பிராமணர் அல்ல என்பதால் ஒரு சத்திரத்தில் சோறு மறுக்கப்பட்ட கதை பெரியாரின் வரலாற்றில் வருகிறது.

அந்தத் தடையை ஓரளவு உடைத்தது ரயில். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-லேயே ரயில் வந்துவிட்டது. இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட 3 அடி 6 அங்குலக் குறும்பாதை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க முடியாது. ஆனால் ரயில் வேறு ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது... 'டிக்கெட் எங்கே?'

நடந்து போனவனுக்கு வழியெல்லாம் சத்திரம். ரயிலில் போகிறவனுக்கு சத்திரம் எதற்கு? மெல்ல மெல்ல அவை ஓய்ந்தன. பல, கல்யாண மண்டபங்களாகவும் கடைகளாகவும் மாறின. டிக்கெட் இல்லாதவன், சத்திரத்தில் விருந்தாளி. ஸ்டேஷனில் அத்துமீறி நுழைந்தவன்! சட்டமும் அப்படியே பேசியது. 1945-ல் சென்னை மாகாணத்தில் பிச்சைத் தடுப்புச் சட்டம். 1989 ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவு, ரயிலில் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கியது.

2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டே, நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டம், அவற்றை ரயில் நிலையம், பஸ் நிலையம், மார்க்கெட் பக்கத்தில் அமைக்கச் சொன்னது. சத்திரம் சாலையோரத்தில் இருந்ததற்கும் இதே காரணம்தானே?

வெளிநாட்டிலும் இதே தலைவலிதான். கம்ப்யூட்டர் கோடீஸ்வரர்கள் வாழும் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், விடிய விடிய ஓடிய 22-ம் நம்பர் பஸ்ஸில் வீடில்லாதவர்கள் தூங்கியபடியே போவார்கள். அந்த பஸ்ஸுக்குப் பட்டப்பெயர் 'ஹோட்டல் 22'. பிலடெல்பியாவில் போக்குவரத்து நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. 2018-ல் ஒரு ரயில் நிலையத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கியது. அங்கே குளியலறை, துணி துவைக்கும் வசதி, மருத்துவர், சூடாக ஒரு காபி. கிட்டத்தட்ட நம்ம சத்திரம்!

நம்மால் முடியாதா? 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. முகவரிச் சான்று கேட்கவில்லை. முகவரியே இல்லாத பெண்ணும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடிந்தது என்பதை நாம் கவனிக்கவே இல்லை. 2019-ல் காஞ்சியில் அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது, கூட்டம் ஒரு கோடி என்றார்கள். தற்காலிக பஸ் நிலையம், குடிநீர், கழிப்பறை, மருத்துவ முகாம்... எல்லாம் வந்தது. பக்தருக்குச் செய்ய முடிந்ததில் நூற்றில் ஒரு பங்கு போதும், படுக்க இடமில்லாதவருக்கு.

பூட்டாத கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், பெண்கள் பயமில்லாமல் படுக்க வெளிச்சமான ஒரு மூலை, தங்குமிடம் எங்கே என்று சொல்ல ஓர் ஆள். கேட்பது இவ்வளவுதான். லத்தியால் தரையைத் தட்டி எழுப்புகிற சத்தம் நமக்குப் பழகிவிட்டது. இருநூறு வருஷம் முன்பு, அதே நள்ளிரவில், இந்தத் தமிழ் மண்ணில் கேட்டது வேறு சத்தம்.

'சாப்பிடாதவர் யாராவது இருக்கிறீர்களா?'