மூச்சுத் திணறிய எஞ்சின்

எஞ்சினின் வலிமையைக் குதிரைகளால் எண்ணும் வழக்கம் ஜேம்ஸ் வாட் காலத்தில் நிலைபெற்றது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைக்குரியது என அவர் வகுத்தார். நீராவி எஞ்சின் வாங்க வந்த முதலாளிகள் அதுவரை குதிரைகளைக் கட்டி வேலை வாங்கியவர்கள். அவர்களுக்குப் புரிந்த கணக்கு அதுதான். தமிழில் குதிரைச்சக்தி, குதிரைத்திறன் என்னும் இரண்டும் வழங்குகின்றன. நமக்குப் பின்னதே உவப்பானது. சக்தி உள்ளே இருப்பது, திறன் வெளிப்படுவது. உள்ளே இருந்தும் வெளிப்பட வழியின்றிக் கிடந்த சில குதிரைகளைப் பற்றி இங்கே பேச விழைகிறோம்.

1932 மார்ச் 31 அன்று ஃபோர்டு நிறுவனம் தன் வி-8 காரை அறிவித்தது. அமெரிக்கா பெருமந்தத்தில் அமிழ்ந்திருந்த நேரம். ஹென்றி ஃபோர்டுக்கு வயது 68. எட்டு சிலிண்டர்களை இரு வரிசையாகச் சாய்த்து வைக்கும் எஞ்சின் அன்று புதியதன்று. காடிலாக் நிறுவனம் 1914இலேயே அத்தகைய எஞ்சினைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது செல்வர் வீட்டு வாயிலில் நின்றது. ஃபோர்டின் புதுமை விலையில் இருந்தது. கூரையில்லாத ரோட்ஸ்டர் வகைக் காரை 460 டாலருக்கு அவர் கொடுத்தார். இரண்டு சிலிண்டர் வரிசைகளையும் கிராங்க் கேஸையும் ஒரே வார்ப்பாக எடுத்துவிட வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதமே அந்த விலைக்குக் காரணம். தொடக்கத்தில் வார்த்தவற்றுள் பல கழிவாகிக் குவிந்தன. ஆயினும் கிழவர் விட்டுக்கொடுக்கவில்லை. 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைத்திறன். எளியவரின் கையில் எட்டு சிலிண்டர் வந்து சேர்ந்தது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. இன்றைய கார்களில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே, ஹெட்டுக்குள் இருக்கின்றன. ஃபோர்டின் இந்த எஞ்சினில் அவை சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்குக்குள்ளேயே நின்றன. ஹெட் என்பது மேலே போட்டு மூடிய தட்டையான இரும்பு மூடி மட்டுமே. தட்டைத்தலை எஞ்சின் என்னும் பெயர் அதனால் வந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வால்வு வழியே மேல்நோக்கி எழும்பி, மூடியில் மோதித் திரும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு சிலிண்டருக்குள் கீழிறங்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இந்தச் சுற்றுவழியால் பெரிய இழப்பில்லை. வேகம் கூடக்கூட, அடுத்த மூச்சுக்குள் இந்த மூச்சு முடிவதில்லை.

சிக்கலின் முடிச்சு இன்னும் உள்ளே இருக்கிறது. குதிரைத்திறனைக் கூட்ட எளிய வழி அழுத்தத்தைக் கூட்டுவது. பிஸ்டன் மேலே வந்து நிற்கையில் எஞ்சும் இடம் குறையக் குறைய, கலவை இறுகி எரிந்து வலுவாக உதைக்கும். 1932 எஞ்சினில் இந்த அழுத்த விகிதம் 5.5 தான். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவித் தாழ்த்தினால் விகிதம் உயரும். ஆனால் வால்விலிருந்து சிலிண்டருக்குக் கலவை போகும் வழியும் அந்த மூடியின் கீழேதானே இருக்கிறது? மூடி தாழ்ந்தால் தொண்டை அடைபடும். தொண்டையை அகலப்படுத்தினால் அழுத்தம் போய்விடும். வால்வை உயரத் தூக்கும் கேம் ஷாஃப்ட்டைப் போட்டாலோ, தூக்கிய வால்வுக்கும் மேலே இடம் வேண்டும். வெண்பா எழுதப் பழகும் மாணவர் ஒரு சீரில் தளை தட்டுவதைச் சரிசெய்ய, அடுத்த சீரில் தட்டுமே, அந்த அவதிதான் இது. ஒரு விரற்கடை உயரத்துக்குள் மூன்று தேவைகள் ஒன்றையொன்று நெருக்கின.

வெப்பம் வேறு. எரிந்த புகை வெளியேறும் வழிகள் பிளாக்கின் நடுவிலிருந்து கிளம்பி, சிலிண்டர்களுக்கிடையே, குளிர்விக்கும் நீரின் ஊடாகப் புறப்பக்கம் வந்தன. நடு இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வழி. புகையின் சூடு முழுவதும் நீருக்குள் இறங்கிற்று. ரேடியேட்டர் கொதிப்பதும், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக் வெடிப்பு விடுவதும் இந்த எஞ்சினின் தீராத நோய்கள். இதை ஹென்றி ஃபோர்டின் பிழை என்றே நாம் கருதுகிறோம். ஒரே வார்ப்பில் காட்டிய மேதைமையைப் புகைவழியில் அவர் காட்டவில்லை. நிறுவனம் தன் பங்குக்கு மெல்ல முன்னேறியது: 1934இல் 85 குதிரைத்திறன், 1939இல் மெர்குரி காருக்காக 239 கன அங்குலத்தில் 95, போருக்குப் பிறகு 1946இல் 100. பதினான்கு ஆண்டுகளில் 35 குதிரைகள்.

அதே காலத்தில் தெற்கு கலிபோர்னியாவின் இளைஞர்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாலைநிலத்தில் முராக், எல் மிராஜ், ரோசமண்ட் என வறண்ட ஏரிகள் உண்டு. மழைநீர் வற்றியபின் களிமண் தரை தளம் போட்டதுபோல் இறுகிக் கிடக்கும். பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, வாரக்கடைசியில் அங்கே கொண்டுபோய் ஓட்டுவார்கள். நேரம் அளந்து, ஒழுங்கு பேண, சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937இல் அமைந்தது. போர்க்காலத்தில் முராக் ஏரி ராணுவத்தின் கைக்குப் போயிற்று; இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அங்கேதான் இருக்கிறது.

அவர்களுள் பலரும் பொறியியல் கல்லூரியின் படியை மிதிக்காதவர்கள். ஆனால் நோய் மூச்சில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். ஸ்ட்ராம்பர்க் 97 என்னும் கார்புரேட்டர் பழைய இரும்புக் கடைகளிலும் கிடைத்தது. வால்வு உட்காரும் இடத்திலிருந்து சிலிண்டர் விளிம்பு வரை பிளாக்கின் மேற்பரப்பை அராவிச் சிறு வாய்க்கால் வெட்டினார்கள். இந்த வாய்க்காலால் ஆதாயமா, அழுத்தம் போவதால் நட்டமா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. புகைவழிக்குள் கையை நுழைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். நடுவழியைத் தகடு வைத்து இரண்டாகப் பிரித்தவர்களும் உண்டு. சிலிண்டரைப் போரிங் செய்து அகலப்படுத்தினார்கள். அதில் ஓர் ஆபத்து இருந்தது. வார்ப்பின்போது அச்சு சற்றே நகர்ந்திருந்தால் சிலிண்டர்ச் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். லேத் பட்டறையில் கடைசிச் சுற்றில் நீர்ச்சுவர் பொத்துக்கொள்ளும். எத்தனை பிளாக்குகள் அப்படிப் பழைய இரும்பாகின என்பதற்குக் கணக்கில்லை. 1949க்குப் பிறகு மெர்குரியின் நான்கு அங்குல ஓட்டமுள்ள கிராங்க் ஷாஃப்ட்டை ஃபோர்டு பிளாக்கில் இறக்கியே 239ஐ 255 ஆக்கிவிட முடிந்தது. துளையும் ஓட்டமும் இன்னும் கூட்டித் துணிந்தவர்கள் 295 கன அங்குலத்தைத் தாண்டினார்கள்.

விக் எடெல்பிராக் கான்ஸஸ் மாநிலத்திலிருந்து 1931இல் கலிபோர்னியாவுக்கு வந்த மெக்கானிக். 1938இல் 1932ஆம் ஆண்டு ரோட்ஸ்டர் ஒன்றை வாங்கினார். சந்தையில் கிடைத்த இன்டேக் மேனிஃபோல்ட் மனத்துக்குப் பிடிக்காமல், இரண்டு கார்புரேட்டர் தாங்கும் அலுமினிய மேனிஃபோல்ட் ஒன்றைத் தாமே வார்த்தார். அதன் வடிவத்தைப் பார்த்தவர்கள் அதற்குக் கவண் என்று பெயரிட்டார்கள். 1941இல் ரோசமண்ட் ஏரியில் அவருடைய ரோட்ஸ்டர் மணிக்கு 121.42 மைல் ஓடியது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அந்தக் கார் 75 மைலை ஒட்டித்தான் ஓடும். கேட்டவர்களுக்கெல்லாம் அதே மேனிஃபோல்டை வார்த்துக் கொடுக்கப்போய், அதுவே தொழிலாயிற்று.

போரிலிருந்து திரும்பியவர்கள் விமான எஞ்சின்களோடு பழகி வந்தார்கள். ஸ்டூவர்ட் ஹில்போர்ன் கார்புரேட்டரையே தூக்கியெறிந்து எரிபொருளை நேரே பீய்ச்சும் கருவியைச் செய்தார். 1948இல் எல் மிராஜில் அவரது தட்டைத்தலைக் கார் 150 மைலைக் கடந்தது. அலெக்ஸ் சைடியாஸும் டீன் பேச்சலரும் உருவாக்கிய வண்டி, எடெல்பிராக்கின் கைப்பட்ட மெர்குரி எஞ்சினோடு, 1950இல் பான்வில் உப்புவெளியில் 200 மைலையும் கடந்தது.

எடெல்பிராக் பட்டறையில் 1950 வாக்கில் நடந்ததுதான் நமக்கு இவ்வரலாற்றின் சுவைமிக்க கட்டம். தொண்டையை எவ்வளவுதான் அகலப்படுத்துவது? அவர்கள் உணவை மாற்றினார்கள். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜனைச் சுமந்துவரும் திரவம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 பங்கு போதும். மூச்சுத் திணறுகிறவனுக்குச் சோற்றோடு காற்றையும் பிசைந்து ஊட்டியது போன்ற உபாயம். அதனோடு சேர்த்த மெத்தனால் எஞ்சினைக் குளிரவும் வைத்தது. விஷயத்தை வெளியே விடாமல் காத்தார்கள். ஃபோர்டின் சிறிய வி-8, 136 கன அங்குலம், பிறப்பில் 60 குதிரைத்திறன். 1950இல் லாஸ் ஏஞ்சலஸின் கில்மோர் அரங்கில், எடெல்பிராக்கின் சிறு பந்தயக் காரை ராட்ஜர் வார்ட் ஓட்டி, இரட்டைக் கேம் ஷாஃப்ட் கொண்ட ஆஃபன்ஹவுசர் கார்களை வென்றார். பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சினை வீட்டுக் காரின் எஞ்சின் முந்தியது.

மூன்றாவது வழியைக் கண்டவர் ரஷ்யப் பின்புலம் கொண்ட பொறியாளர் சோரா அர்க்கஸ்-டன்டோவ். அவரும் அவர் தம்பி யூராவும் 1947இல் நியூயார்க்கில் இந்த எஞ்சினுக்கென அலுமினிய ஹெட்டுகள் செய்தார்கள். வால்வுகள் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறின. எரியும் அறை அரைக்கோளமாயிற்று. தங்கள் பெயரைச் சுருக்கி ஆர்டன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சூடேறித் திணறிய லாரிகளுக்காகச் செய்த பொருள் அது. 100 குதிரைத்திறன் 160க்கும் மேல் போயிற்று. ஆனால் எடையும் விலையும் கூடுதல்; லாரிக்காரர்கள் வாங்கவில்லை, வேகப் பித்தர்கள் சிலர் வாங்கினார்கள். வால்வுகள் மேலே போனபின் அது தட்டைத்தலை எஞ்சின்தானா என்று கேட்டால், நம் பதில் இல்லை என்பதே. சிக்கலை அவிழ்த்த முறை சிக்கலுக்குரியதையே கழற்றி வைத்துவிட்டது.

1949இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் மேல்வால்வு வி-8 எஞ்சினை 135 குதிரைத்திறனோடு விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே முடிவு தெரிந்துவிட்டது. அமெரிக்க ஃபோர்டு கார்களில் தட்டைத்தலை வி-8 இடம்பெற்ற கடைசி ஆண்டு 1953. அதே ஆண்டில் டன்டோவ் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். டிசம்பர் 16 தேதியிட்ட ஒரு குறிப்பை மேலதிகாரிக்கு அனுப்பினார். இளைஞர்களின் பத்திரிகைகள் முழுக்க ஃபோர்டாகவே இருக்கின்றன, வரப்போகும் செவ்ரோலே வி-8க்குக் கேம் ஷாஃப்ட், வால்வு, மேனிஃபோல்ட் முதலியவற்றை நிறுவனமே ஆயத்தமாகக் கொடுத்தால் அவர்களை இந்தப் பக்கம் இழுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த எஞ்சின் 1955 மாடல் காரில் வந்தது: 265 கன அங்குலம், தொடக்கமே 162 குதிரைத்திறன். அதற்கு மேனிஃபோல்ட் வார்த்தவர்களுள் விக் எடெல்பிராக்கும் இருந்தார்.