முன்சீப் வீட்டுத் திண்ணை

ஓசூரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘டூப்ளெக்ஸ் வில்லா’ பலகைதான். ராயக்கோட்டை ரோடு, பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு, எல்லா இடத்திலும் அதே நீல வானம், அதே கார், அதே சிரிக்கிற குடும்பம். பெங்களூருவில் வீடு வாங்கக் கட்டுப்படி ஆகாதவர்கள் அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் வருகிறார்கள். காலையில் மறுபடி அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான்.

நம்ம ஊரில் டூப்ளெக்ஸ் என்றால் கீழே ஹால், மேலே படுக்கையறை, வீட்டுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம்: ஒரே கூரை, இரண்டு வாசல், இரண்டு குடித்தனம். இந்த இரண்டாவது அர்த்தத்துக்குக் கொஞ்சம் கிட்டே வருகிற பழைய வீடு ஒன்று ஓசூருக்குப் பக்கத்தில், தொரப்பள்ளி அக்ரஹாரத்தில் இருக்கிறது. ராஜாஜி பிறந்த வீடு. தமிழக அரசு அதை நினைவில்லமாக வைத்திருக்கிறது. ‘1878 டிசம்பர் 10 அன்று இங்கே பிறந்தார்’ என்பதுதான் அந்த வீட்டைப் பற்றி எல்லோரும் சொல்கிற ஒரே சேதி. எனக்கு அந்தக் குழந்தையைவிட அதன் அப்பாவின் உத்தியோகம்தான் முக்கியமாகப் படுகிறது. சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார் தொரப்பள்ளியின் கிராம முன்சீப்.

முன்சீப் என்றால் இன்றைக்குக் கோர்ட்டில் உட்காரும் நீதிபதி ஞாபகத்துக்கு வருவார். கிராம முன்சீப் வேறு. ஊர்த் தலைமைக்காரர், நிலவரி வசூலிப்பவர், சின்ன வழக்குகளைத் தீர்ப்பவர், திருட்டு, சாவு, தகராறு எதுவானாலும் மேலே தகவல் அனுப்புகிறவர். கணக்கு எழுதுவது கர்ணம் வேலை. பணம் வாங்குவதும் அதட்டுவதும் முன்சீப் வேலை. தனி ஆபீஸ் கட்டிடம் கிடையாது. சாவடி உள்ள ஊரில் சாவடி, மற்றபடி அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். அப்படியானால் அந்த வீடு இரண்டு வீடு. தெருவைப் பார்த்த பாதியில் சர்க்கார், கதவுக்கு அந்தப் பக்கம் குடும்பம்.

அக்ரஹாரத்து வீடு எப்படி இருக்கும் என்று பலருக்கும் சினிமாவிலாவது தெரியும். தெருவோடு ஒட்டிய திண்ணை, அதைத் தாண்டி இருட்டான ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கொல்லை, கிணறு. அகலம் குறைச்சல், நீளம் அதிகம். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பல இடங்களில் ஒரே சுவர்தான். கணினி ஆள் என்பதால் எனக்கு இதை அனுமதி அடுக்குகளாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. தெருவரை சிலர், திண்ணைவரை சிலர், ரேழிவரை சிலர், கூடம்வரை சிலர், சமையலறைவரை வீட்டார் மட்டும். ஒரு பலகையும் எழுதி மாட்ட வேண்டாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். திண்ணையின் உயரமே ஒரு விதி. உட்கார்ந்திருக்கிறவரின் முகமும் தெருவில் நிற்பவரின் முகமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். ஆனால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் நிற்கிறார்.

இந்தத் திண்ணைக்குச் சர்க்கார் வந்த கதைக்கும் நம்ம வட்டாரத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம். ஓசூர் மேட்டுநிலம் கம்பெனி கைக்கு வந்தது 1799-ல், திப்பு விழுந்த பிறகு. பாராமகாலை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஜமீன்தார் என்கிற நடு ஆளை விட்டுவிட்டு விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த ‘ரயத்துவாரி’ இந்தச் செம்மண்ணில் சோதிக்கப்பட்டதுதான். ‘நேரடி’ என்று பேர். ஆனால் ஒவ்வொரு விவசாயியின் வாசலுக்கும் கலெக்டர் போக முடியுமா? நடுவில் ஊரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் முன்சீப்.

1816-ல் மன்றோவின் முயற்சியால் வந்த சட்டங்கள் ஊர்த் தலைவருக்குப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையும் சின்ன போலீஸ் அதிகாரத்தையும் கொடுத்தன. அந்த போலீஸ் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. சில்லறைத் திருட்டு, வசவு, கைகலப்பு போன்ற குற்றம் செய்தவரை ஊர்த் தலைவர் சில மணி நேரம் அடைத்து வைக்கலாம். குற்றவாளி ‘கீழ்ச்சாதி’க்காரராக இருந்தால் தொழுவில் மாட்டலாம். தொழு என்றால் ஓட்டை போட்ட மரச்சட்டம். காலை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். ஒரே குற்றம், சாதியைப் பார்த்து வேறு தண்டனை. இதை மனுதர்மத்தில் தேட வேண்டியதில்லை, கம்பெனி சர்க்கார் அச்சடித்த சட்டத்திலேயே இருந்தது. ‘வெள்ளைக்காரன் சட்டத்துக்கு முன் எல்லோரையும் சமமாக்கினான்’ என்று யாராவது ஆரம்பித்தால் இந்தப் பிரிவை ஞாபகப்படுத்தலாம்.

எங்க பாட்டி ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். அந்த ஊர் முன்சீப் ஐயங்கார் கிடையாது, வேறு சாதி, நிலம் நிறைய வைத்திருந்தவர். பல ஊர்களில் அப்படித்தான். அக்ரஹாரம் இல்லாத ஊரில் பெரிய தெரு, அவ்வளவுதான் வித்தியாசம். “கிஸ்தி கட்டப் போனா திண்ணைக்குக் கீழயே நிக்கணும் கண்ணு. காச திண்ணை ஓரத்துல வெச்சிட்டு ஒதுங்கிக்கணும். அவரு எடுத்து எண்ணுவாரு. அப்புறம் ரசீது அதே எடத்துல வரும்” என்பாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருக்காது. மழை பெய்தது என்பதைச் சொல்கிற மாதிரி சொல்வாள். எனக்குத்தான் கோபம் வரும்.

தெருவிலேயே நடக்க முடியாதவர்கள் வரி கட்டவும் மனு கொடுக்கவும் அந்தத் தெருவுக்குள்தான் போக வேண்டியிருந்தது. இந்த முரண் சட்டசபைக்கு வரவே 1924 ஆனது. அந்த வருஷம்தான் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது: பொதுச் சாலை, தெரு, கிணறு, அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாது. தீர்மானம் தெருவைத் திறந்தது. திண்ணை திறக்க மேலும் காலம் பிடித்தது.

தொரப்பள்ளிக்குத் திரும்பலாம். அந்தக் குழந்தை பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மிக மோசமாக அடிபட்ட இடங்களில் சேலம் ஜில்லாவும் ஒன்று, ஓசூர் அப்போது அதில்தான் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த ஜில்லாவின் ஜனத்தொகை 1881-ல் சுமார் 16 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஊரில் விழுந்த ஒவ்வொரு சாவையும் மேலே தெரிவிக்க வேண்டியவர்கள் கிராம அதிகாரிகள். சிங்காரம்மாளின் பிரசவம் நடந்தது பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்த நேரத்தில். வீட்டின் உள்பாதியில் ஒரு பிறப்பு. வெளிப்பாதியின் கணக்கில் பிணங்கள்.

பையனுக்கு ஐந்து வயது வாக்கில் குடும்பம் ஓசூருக்குப் போனது. பிறகு பெங்களூரு சென்ட்ரல் காலேஜ், சென்னையில் சட்டப் படிப்பு, 1900 வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழில். முன்சீப் வேலை பரம்பரை வேலை, அப்பாவுக்குப் பின் மகன் என்று போவது. ராஜாஜி அதற்குள் போகவில்லை. அப்பா அவரைத் திண்ணையில் உட்காரவைக்காமல் காலேஜுக்கு அனுப்பினார். இதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘நல்லான் சக்கரவர்த்தி’ என்பது அந்தக் குடும்பத்தின் வம்சப் பெயர். ஆற்றில் மிதந்து வந்த தாழ்த்தப்பட்ட சாதிப் பிணத்துக்கு முன்னோர் ஒருவர் ஈமக்கடன் செய்ததாகவும், ஊர் அவரைப் பொல்லான் என்று தள்ளிவைத்ததாகவும், பெருமாள் அவரை நல்லான் என்றதாகவும் ஐதீகம். ராஜாஜி இந்தக் கதைக்கு ஏற்ற காரியங்களைச் செய்திருக்கிறார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தபோது அக்ரஹாரத்துக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலைக்குத் தாழ்த்தப்பட்ட சாதி ஊழியர் ஒருவரைப் போட்டார். அக்ரஹாரம் கொதித்தது, அவர் மாற்றவில்லை. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, நல்ல வக்கீல் வருமானத்தை ஏற்கெனவே விட்டுவிட்டிருந்த அவர் குடிசையில் போய் உட்கார்ந்தார். 1939-ல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவுக்குப் பிறகு, நுழைந்தவர்களையும் கோயில் அதிகாரிகளையும் காப்பாற்றச் சட்டம் கொண்டுவந்தது அவர் அரசுதான்.

1948-ல் அவர் குடியேறிய வீடு இன்னொரு வகை. லட்யன்ஸ் கட்டிய, 340 அறைகள் உள்ள கவர்னர் ஜெனரல் மாளிகை. கிராம முன்சீப் என்பது ஆங்கில அரசின் கடைசிப் படி என்றால் அது முதல் படி. நடுவில் ஒரே ஒரு தலைமுறை. வைஸ்ராய்களின் படுக்கையறை தனக்கு ரொம்பப் பெரிது என்று அவர் சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தச் சின்னப் பகுதியிலேயே குடியிருந்தார்கள், பழைய வைஸ்ராய் அறைகள் விருந்தினருக்கு என்று ஆகிவிட்டன. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் தோட்டத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை போட்டார். தாது வருஷக் கடைசியில் பிறந்தவர் என்று தெரிந்திருந்தால் இந்தக் கோதுமை வெறும் விளம்பரமாகத் தெரியாது.

இதே மனிதர் 1953-ல் சென்னை மாகாண முதலமைச்சராக அந்தக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறையும். மிச்ச நேரத்தில் அப்பா அம்மாவின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், அந்தப் பேர் நின்றுவிட்டது. 1954-ல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இன்றைக்கு இணையத்தில் ராஜாஜி என்றால் ஒரு கூட்டத்துக்கு மூதறிஞர், இன்னொரு கூட்டத்துக்குக் குலக்கல்வி. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பிளாக் செய்துவைத்திருக்கிறது.

பள்ளிகளுக்குக் காசு போதவில்லை, இரண்டு ஷிப்ட் வைத்தால் அதே வாத்தியார் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம் என்பது அவர் தரப்பு. அது பொய்க் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சேலத்துக் குழாயடியில் நின்றவர் திடீரென்று சாதி வெறியராக மாறிவிட்டார் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: திண்ணையின் உள்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்பாவின் தொழில் ஒரு சொத்து. அதில் சம்பளம் உண்டு, மரியாதை உண்டு, வேண்டாம் என்றால் பெங்களூருவுக்குப் போய்ப் படிக்கிற வழியும் உண்டு. திண்ணைக்குக் கீழே காசை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றவரின் மகனுக்கு அப்பாவின் தொழில் என்பது அந்த இடத்திலேயே நிற்பது. ராஜாஜிக்குக் கிடைத்த வழி அந்தப் பையனுக்கும் வேண்டும் என்பதுதான் எதிர்த்தவர்கள் கேட்டது. இத்தனை புத்திசாலி, இத்தனை நேர்மையானவர், இது ஏன் கண்ணில் படவில்லை? படிக்கப் படிக்க எனக்கு அந்த வீட்டின் கட்டுமானம்தான் ஞாபகம் வருகிறது. உள்ளே இருப்பவருக்குத் திண்ணையின் மேல்பரப்புதான் தெரியும், அதன் உயரம் தெரியாது.

அவர் மகன் சி. ஆர். நரசிம்மன் 1952 முதல் 1962 வரை கிருஷ்ணகிரி தொகுதியின் எம்.பி. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கும் இந்த மண்ணுக்கும் பெரிய சங்கதி எதுவும் இல்லை. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் காலமானார். முன்சீப் உத்தியோகம் அவரைவிட எட்டு வருஷம் அதிகமாக உயிரோடு இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் முன்சீப், கர்ணம் உள்ளிட்ட கிராமப் பதவிகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. அவர்கள் இடத்தில் தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதே 1980-ல்தான் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் தயாராகி வெளியே வந்தது, அசோக் லேலண்ட் ஆலையும் வந்தது. கிஸ்தி கட்டிய நிலங்கள் சிப்காட் ஆகின. மிச்சம் இருந்தவை இப்போது டூப்ளெக்ஸ் ஆகின்றன.

சில வருஷங்களுக்கு முன் முதியோர் பென்ஷன் விஷயமாகப் பாட்டியை வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு ரூம் கட்டிடம், படி இல்லாமல் தெருவோடு சமமாக இருந்தது. மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி. அந்த அலுவலர் என் வயசுப் பெண். “உக்காருங்க பாட்டி” என்றார். பாட்டி சிரித்தபடி பரவாயில்லம்மா என்றாள். அந்தப் பெண் மறுபடி சொன்னார். பாட்டி ஆதார் அட்டையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.