பட்டாளத்துக்காரர் சொல்லாத கதை

தமிழ்நாட்டில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு. அவர் இருக்கிற ஊரில் கதைக்குப் பஞ்சமும் குறைவு. நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் அவர் பஸ்ராவிலிருந்து திரும்பியவர்; பாட்டனார் காலத்தில் பர்மாவிலிருந்து திரும்பியவர். முதல் உலக யுத்தத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். இரண்டாவது யுத்தம் முடிந்தபோது இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இரண்டுமே வெள்ளைக்காரனுடைய யுத்தங்கள்தாம். ஆனால் கதை மட்டும் நம் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. டிரங்குப் பெட்டியும் கம்பளியும் கொண்டு வந்தவர் கூடவே ஐராவதி நதியையும் மாந்தளையையும் கொண்டு வந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதில் பாதி புளுகு என்று பெரியவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டார்கள். உயிரோடு திரும்பியவனுக்கு ஊர் செய்கிற முதல் மரியாதை, அவன் பேச்சைக் கேட்பதுதானே!

அந்த மரியாதை கிடைக்காத பட்டாளம் ஒன்று உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையைத்தான் சொல்கிறேன். சுதந்திர இந்தியா கடல் கடந்து நடத்திய யுத்தங்களில் அதுவே நீண்டது, 32 மாதங்கள். அதில் போய் வந்தவர்கள் இன்று அறுபதும் எழுபதும் தாண்டிய கிழவர்கள்.

நான் குடியிருக்கும் திருவேற்காட்டை வெளியூர்க்காரர்கள் கருமாரியம்மனால் அறிவார்கள். எங்களுக்கு அது ஆவடிக்குப் பக்கத்து ஊர். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலை எல்லாம் உண்டு. பட்டாளத்தை விட்டு வந்தவர்களில் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். சுற்று வட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். விடியற்காலையில் முதுகு வளையாமல் நடக்கிற பெரியவரைக் கண்டால், 'எந்த ரெஜிமெண்ட்?' என்று தாராளமாகக் கேட்கலாம். பதில் உற்சாகமாக வரும். 'சிலோனுக்குப் போனீர்களா?' என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஏன் திரும்புகிறது என்பதற்குச் சரித்திரத்தைச் சற்றே புரட்ட வேண்டும்.

1987 ஜூலை 29-ல் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழ்ப் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பது, சிங்களப் படை முகாம்களுக்குத் திரும்புவது, தமிழ்ப் பகுதிகளுக்கு மாகாண ஆட்சி, இவற்றுக்கெல்லாம் இந்தியப் படை காவல் என்பது ஏற்பாடு. யாழ்ப்பாணத்து மக்கள் நம் சிப்பாய்களுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த மாலை வாட அதிக நாள் ஆகவில்லை. செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர் துறந்தார். அக்டோபரில் பிடிபட்ட புலித் தளபதிகள் சயனைடு அருந்தி மாண்டனர். அதே மாதம் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. காவலுக்குப் போன பட்டாளம், யாருக்குக் காவலாகப் போனதோ அவர்கள் தெருவிலேயே சண்டையிட்டது.

அக்டோபர் 12-ம் தேதி அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியச் சிப்பாய்கள் 30 பேர். அவர்களில் 29 பேர் பிணமானார்கள், ஒருவர் சிறைப்பட்டார். பத்தே நாள் கழித்து, தீபாவளி சமயத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியத் துருப்புகள் சுட்டதில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கிவிடுகிறவர்கள் அதிகம். விழுங்குகிறவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள்.

என் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். வேலூர் ஜில்லாக்காரர். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கும் சீமை அது. தமிழ் தெரிந்தவர் என்பதற்காக வடநாட்டுப் பட்டாளம் ஒன்றோடு மொழிபெயர்க்க அனுப்பப்பட்டார். நாலு வருஷப் பழக்கத்துக்குப் பிறகு ஒருநாள் அவராகவே பேசினார்.

"ஆகஸ்டிலே ஒரு வீட்டுக் கிணத்திலே தண்ணி எடுப்போம் தம்பி. அந்த அம்மா வாளியை எடுத்துக் கொடுத்து, தேத்தண்ணியும் கொடுப்பாங்க. நவம்பரிலே அதே வீட்டைச் சோதனை போடப் போனோம். நான்தான் கதவைத் தட்டினேன். அவங்க என்னைப் பார்த்து, 'தம்பி, உமக்கும் அம்மா இருக்கிறாதானே?' என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க. ஆபீசர் என்னைப் பார்த்து, என்ன சொல்றான்னு கேட்டார். வீட்டிலே யாரும் இல்லைன்னு சொல்றாங்க சார்னு சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கேட்டேன். "நான் அங்கே இல்லை. அதுவரைக்கும் தப்பிச்சேன். இருந்திருந்தா என்ன செய்திருப்பேன்னு மட்டும் கேட்காதீங்க" என்றார். பிறகு, "நம்ம பட்டாலியனிலே பதினொரு பேர் போயிட்டாங்க. அவங்க வீட்டுக்கெல்லாம் கடிதாசு எழுதினேன். அந்த அம்மாவுக்கு யார் எழுதுவாங்க?" என்றார்.

தமிழ்ச் சிப்பாயின் சங்கடம் இதுதான். மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கமே, 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்கிற தமிழ். வேறு எந்தப் போர்முனையிலும் எதிரிக்கு அது அர்த்தமில்லாத சத்தம். யாழ்ப்பாணத்திலோ, கேட்கிற குழந்தைக்கும் அர்த்தம் விளங்கும்.

ஜனாதிபதி பிரேமதாசா, படை வெளியேற வேண்டும் என்று 1989-ல் கெடு வைத்தார். டில்லியிலும் ஆட்சி மாறிற்று. 1990 மார்ச் 24-ல் கடைசிச் சிப்பாய் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டார். மாண்டவர்கள் ஏறத்தாழ 1,200 பேர், காயமுற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் இடம் தரவில்லை என்பது அவர் தரப்பு. அந்நாளைய தமிழ்நாட்டில் பலருக்கும் அதே மனம்தான். உத்தரவிட்டவர்கள் மேல் இருந்த கோபம், உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன் தலையில் இறங்கிற்று. நம் ஹவில்தார் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உடுப்பைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு, சட்டை வேட்டியோடு போனாராம்.

அடுத்த வருஷம் காற்று திசை மாறியது. எங்கள் ஊரிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு, அங்கேதான் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வழக்கு நடந்தது பூந்தமல்லியில். புலிகளுக்குக் கொடி பிடித்தவர்கள் பலர் மௌனமானார்கள். ஆனால், 'அன்று உங்களை முகம் கொடுத்துப் பார்க்கவில்லையே' என்று சிப்பாயின் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. தமிழ்நாடு புலிகளையும் மறக்க விரும்பியது, அவர்களோடு சண்டையிட்டவர்களையும் மறக்க விரும்பியது.

திருவேற்காட்டிலிருந்து கோயம்பேட்டைத் தாண்டினால் அரும்பாக்கத்தில் 'பரமேஸ்வரன் விஹார்' என்று ஒரு ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. யார் அந்தப் பரமேஸ்வரன்? மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்த தமிழர். மஹார் ரெஜிமெண்ட் அதிகாரி. 1987 நவம்பர் 25-ல் யாழ்ப்பாணப் பகுதியில் சோதனை முடிந்து திரும்பும்போது அவர் படை பதுங்கித் தாக்கப்பட்டது. மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, உயிர் போகும்வரை கட்டளையிட்டார். இறந்தபின் பரம்வீர் சக்கரம் தந்தார்கள். அந்தப் பெயர்ப் பலகையைத் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தச் சிப்பாய்களுக்குக் கொழும்பு அருகே இலங்கை அரசாங்கமே நினைவுச் சின்னம் எழுப்பியது. 2015-ல் பிரதமர் மோடி அங்கே மலர்வளையம் வைத்தார். 2019-ல் திறந்த டில்லி தேசிய யுத்த நினைவகத்திலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. வெளியேறச் சொன்ன நாடு கல் நாட்டிவிட்டது. அனுப்பிய சர்க்காரும் தாமதமாக நாட்டிவிட்டது. நாமோ ஒரு கதைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை. போராளியைப் பற்றியும் அகதியைப் பற்றியும் தமிழில் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. கிணற்றடியில் நின்ற இந்தச் சிப்பாயை நான் படித்தவற்றில் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். கதை எழுதிப் பிழைக்கிற என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அறுபத்துமூவரில் மூர்க்க நாயனார் இந்தத் திருவேற்காட்டில் பிறந்தவர். அடியார்களுக்குச் சோறு போடப் பொருளில்லாமல் சூதாடினார். ஆட்டத்தில் மறுத்தவர்களைச் சுரிகையால் குத்தினார். சேக்கிழார் சோற்றையும் சொன்னார், கத்தியையும் சொன்னார். ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டு மற்றதை மறைக்கவில்லை. ஹவில்தாரிடமும் இரண்டும் இருக்கின்றன: வாங்கிக் குடித்த தேத்தண்ணீரும், தட்டிய கதவும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் காது நமக்கு வேண்டும். அவரைப் போன்றவர்கள் இன்னும் நம் தெருக்களில்தான் நடக்கிறார்கள். ஆனால் காலையில் எதிர்ப்படுகிறவர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது.