மதுரைச் சிவப்பும் உப்புக் கரைசல்களின் இயல்பும்

மதுரைச் சௌராட்டிரர் வளர்த்த சிவப்புச் சாயத்தொழில், உப்புகள் நீரில் கரையும்போது காட்டும் வேறுபாட்டைப் பயன்படுத்திய தொழிலாகும். உப்பு என ஒரே இனத்தில் அடங்கினும், உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டு, படிகாரம், சோற்றுப்பு ஆகிய மூன்றும் ஒருபடித்தானவை அல்ல.

வலிமைமிகு காரத்திலும் வலிமைகுறைந்த அமிலத்திலும் இருந்து தோன்றும் சோடியம் கார்பனேட்டின் கார்பனேட்டு அயனி, நீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பெறுகிறது, கரைசல் காரமாகிறது. நூலில் எண்ணெய் பரவி ஊற அக்காரமே துணைநின்றது. தென்னிந்தியச் சாயமுறைகளில் வழங்கிய படிகாரத்தில் நிலை மாறுகிறது. நீர் சூழ்ந்த அலுமினிய அயனி ஹைட்ரஜன் அயனியை விடுவிப்பதால் கரைசல் அமிலமாகிறது. சாயத்தை இழையோடு பிணைப்பதும் அந்த அலுமினியமே. சோற்றுப்பின் இரு அயனிகளும் நீரோடு வினைபுரியாமையால் அதன் கரைசல் நடுநிலையானது.

அயனிப் பிரிகைக் கொள்கையை அர்ரீனியசு 1887இல் வெளியிட்டார். அதற்கு நெடுங்காலம் முன்பே எவ்வுப்பை எந்நிலையில் சேர்ப்பது என்பதைச் சாயத்தொழிலாளர் பட்டறிவால் தெளிந்திருந்தனர். அவர்கள் அறிந்தது விளைவு. கொள்கை உரைத்தது காரணம். முன்னறியாத உப்பின் இயல்பைக் கணித்துச் சொல்லக் கொள்கை இன்றியமையாதது. எனினும், விளைவைத் தலைமுறைதோறும் சோதித்து நிலைநிறுத்திய தொழிலறிவை வெறும் வழக்கமென ஒதுக்குதல் அறிவியல் வரலாற்றுக்குப் பொருந்தாது.