உலோகச் சிற்பத்துக்கு எந்த உருக்கு?

உருக்கை வெல்டிங் செய்து சிற்பம் அமைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கே நிற்கப் போகிறது என்பதையே. உருக்கின் தெரிவு அதில்தான் தங்கியுள்ளது.

மென் உருக்கு: விலை குறைவு, வளைக்கவும் ஒட்டவும் இலகு. பழகுபவர்களுக்கு இதுவே ஏற்றது. வெளியில் வைப்பதானால் வர்ணப்பூச்சு அவசியம். பூச்சு உரிந்த இடத்தில் துரு தொடங்கும்.

கோர்ட்டென் உருக்கு: சிறிதளவு செம்பும் குரோமியமும் கலந்தது. மேலே இறுகிப் படியும் துருவே உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட்டில் 1998இல் எழுந்த அன்ரனி கோர்ம்லியின் 'ஏஞ்சல் ஒஃப் த நோர்த்' இவ்வகையானது. உயரம் 20 மீற்றர், சிறகுகளின் அகலம் 54 மீற்றர். ஆனால் இந்தத் துருப்படலம் இறுக வேண்டுமானால் உலோகம் நனைந்து நனைந்து உலர வேண்டும். தண்ணீர் தேங்கும் மடிப்புகளும் கடலுப்பும் அதைக் கெடுத்துவிடும். ஆரம்பத்தில் வழியும் துருநீர் கீழுள்ள சீமெந்தையும் கறையாக்கும். ஒட்டும் கம்பியும் இதே கலவையில் இல்லாவிட்டால் ஒட்டிய கோடுகள் வேறு நிறத்தில் தெரியும்.

துருப்பிடிக்காத உருக்கு: சாதாரண இடங்களுக்கு 304 வகை போதும். கடலோரத்திலும், பனிக்காலத்தில் உப்புத் தூவும் வீதியோரத்திலும் மொலிப்டினம் கலந்த 316 வேண்டும். சூட்டில் அதிகம் விரிவதால் மெல்லிய தகடுகள் எளிதில் கோணிவிடும். சிறிது சிறிதாக, இடம் மாற்றி ஒட்டுங்கள். மென் உருக்குக்குப் பாவித்த கம்பித் தூரிகையால் தேய்த்தால் இதிலும் துருப்புள்ளிகள் வரும்.

பழைய இரும்பு சேர்ப்பவர்கள் நாகமுலாம் பூசிய குழாய்கள், வேலித் துண்டுகளில் கவனமாயிருங்கள். அதை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஒட்டும் இடத்தில் முலாமை முதலில் அகற்றுங்கள். துருப்பிடிக்காத உருக்கின் புகையிலுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. வீட்டுக் கராஜில் வேலை செய்தால் கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும், அதற்குரிய சுவாசக் கவசமும் வேண்டும். வேலை முடியும்வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.