‘டூ’ எனும் ஆங்கில வினை

சேக்ஸ்பியரின் நாடகங்களை உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ‘அவன் வந்தானா?’ என்பதை ஆங்கிலத்தில் ‘டிட் ஹீ கம்’ என்றே அமைத்தல் வேண்டுமென இலக்கண பாடத்திற் கற்பிக்கின்றோம். ‘கேம் ஹீ’ என்று எழுதுபவனுக்குச் சிவப்பு மையாற் கோடிடுகின்றோம். அடுத்த பாடவேளையில் அத்தகைய அமைப்பையே சேக்ஸ்பியரிடங் கண்டு சுவைக்கச் சொல்லுகின்றோம். இம்முரண் யாதென ஒரு மாணவன் வினவியபோது, ‘அது புலவர்க்குரிய உரிமை’ என விடையிறுத்து அவனை அமர்த்தினேன். அவ்விடை பெரும்பாலும் தவறென்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘டூ’ என்பது ‘செய்’ எனும் பொருளுடைய முழுவினையே. முற்கூறிய வினையை மீண்டுங் கூறாது அதற்குப் பதிலாக நிற்கும் ஆற்றலும் அதற்கு அன்றே உண்டு. (நம் இலக்கண நூலார் வினையெச்சங்களுக்குச் ‘செய்து’, ‘செய்ய’ என வாய்பாடு வகுத்தமை ஈண்டு நினைவுக்கு வரும். நம் ‘செய்’ வாய்பாடாய் அமைந்தது. அவர்தம் ‘டூ’ வழக்கினுட் புகுந்து ஆட்சியையே கைப்பற்றியது.) 1400இல் மறைந்த சோசர் அதனைச் ‘செய்வி’ எனும் பிறவினைப் பொருளிலும் வழங்கினார். வினாவோ வினையை எழுவாய்க்கு முன் நிறுத்துவதனாலேயே அமைந்தது. பிறவினைப் பொருள் தேய்ந்தே இத்துணைவினை தோன்றிற்று என்பது சுவீடன் நாட்டறிஞர் எலெகோர்டு 1953இல் வெளியிட்ட கொள்கை. வெல்சு முதலிய கெல்திய மொழிகளின் செல்வாக்கென்பாரும் உளர். அவ்வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

எலெகோர்டின் கொள்கையினும் அவர் தொகுத்த கணக்கே பெரும் பயனுடைத்து. அழுத்தப்பொருள் யாதுமின்றி உடன்பாட்டு வாக்கியத்தில் வரும் ‘டூ’ 16ஆம் நூற்றாண்டின் மூன்றாங் காற்பகுதியில் நூற்றுக்குப் பத்தை நெருங்கிப் பின் தாழ்ந்தது. வினாவிலும் எதிர்மறையிலுமோ அது மேன்மேலும் ஏறிற்று. சேக்ஸ்பியர் பிறந்த 1564ஆம் ஆண்டு அத்திருப்பத்தின் நடுவே அமைகின்றது. அவர் காலத்தில் இரு வடிவமும் வழுவன்று. சீர்நோக்கி அவற்றுள் ஒன்றைத் தெரிதலே புலவர் செய்தது. உரிமை மொழியினிடத்தே இருந்தது.

இச்சிறு வினை ஒரு பெரு வழக்கிற்குச் சான்றாகவும் நின்றது. ‘எட்டாம் ஹென்றி’ 1613இல் நடிக்கப்படுகையிலேயே குளோப் அரங்கு தீக்கிரையாயிற்று. சேக்ஸ்பியர் பெயரால் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற இந்நாடகத்திற் பெரும்பகுதி ஜோன் பிளெச்சருடையதென 1850இல் ஸ்பெடிங் என்பார் வாதிட்டார். அவர் கொண்ட முதன்மையான சான்று செய்யுளடிகளின் ஓசை. ஓசையைப் பிறனொருவன் போலச் செய்தல் கூடும். 1994இல் ஜொனதன் ஹோப் எனும் அறிஞர் ‘டூ’வை எண்ணத் தலைப்பட்டார். இன்றைய நெறிக்கு இயைந்த வாக்கியங்கள் பிளெச்சரிடம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டன. சேக்ஸ்பியரிடம் எண்பதளவில் நின்றன. காரணம் தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. சேக்ஸ்பியர் ஸ்திராட்போர்டுச் சிற்றூரிற் கையுறை செய்வோரின் மைந்தர். பிளெச்சரோ பதினைந்தாண்டு இளையவர்; தந்தையார் இலண்டன் மேற்றிராணியாராக விளங்கியவர். புதுவழக்கு நகரத்தார், கற்றோர், இளையோர் வாயிலாகவே பரவிற்று. உவமையையும் ஓசையையும் விழிப்போடு ஆளும் புலவன் துணைவினையைக் காவல் செய்வதில்லை. எனினும் குறுங்காட்சிகளில் இவ்வெண்ணிக்கை போதாதென்பது என் கருத்து.

1711இல் வெளியான தம் திறனாய்வுச் செய்யுளில் அலெக்சாந்தர் போப் (திருவாசகத்தை மொழிபெயர்த்த போப்பையர் அல்லர்) அடிநிரப்ப வரும் ‘டூ’வை அதனையே வைத்து எள்ளினார். 1755இல் அகராதி வெளியிட்ட ஜோன்சனும் உடன்பாட்டில் வெறிதே வரும் ‘டூ’வைக் குற்றமென்றார். ‘அறி’ எனப் பொருள்படும் வினை மட்டும் எதிர்மறையில் நெடுங்காலம் பணியவில்லை. 1813இல் வெளிவந்த ஜேன் ஒஸ்ரினின் புகழ்பெற்ற நாவலிலும் ‘ஐ நோ நாட்’ எனும் பழைய வடிவைக் காணலாம். என் மாணவன் அன்று அடிக்கோடிட்டுக் கொணர்ந்ததும் இவ்வினையே.