சென்னையின் பொது நூலகங்கள்

சென்னைவாசிகள் நூலகத்துக்கென்றே தனியாக வரி கட்டுகிறார்கள். 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வழிசெய்தது. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இத்தகைய சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஆகவே தெருமுனைக் கிளை நூலகத்தை அரசின் சலுகையாகக் கருதுவது பிழை. அது பணம் கட்டியவரின் உரிமை. வாடகைக்குக் குடியிருப்பவர் வரி கட்டுவதில்லையே என்பார்கள். வீட்டுக்காரர் கட்டும் வரியும் வாடகைக்குள்தானே அடங்குகிறது!

கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஆனால் புத்தகம் மட்டுமே நூலகத்தின் பயன் என்று அது எண்ணிவிடுகிறது. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதுவோர் வழிகாட்டி நூல்களும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து மாலைவரை அங்கே படிக்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் கிடைக்காத மேசையும் வெளிச்சமும் அமைதியும் அவர்களுக்கு அங்கே கிடைக்கின்றன. பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவும் அங்கு உண்டு. அதன் அருமை பயன்படுத்துவோருக்குத் தெரியும். 2011-இல் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தபோது வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. மருத்துவமனையும் அவசியம்தான். அதற்காக நூலகத்தைக் காலிசெய்ய வேண்டியதில்லை.